வேன் கொதிக்குதா? தண்ணீர்ப் பாதையில் காற்று இருக்கா பாருங்க!

தொழில் பாடம்



1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு முயற்சி, அடுத்த சில ஆண்டுகளிலேயே நம் சேலம் மாவட்டத்துக்கும் வந்தது. அப்போது நாமக்கல்லும் சேலத்தோடுதான் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1997-ல். அந்தக் காலத்தில் குழுக் கடன் என்றால் கறவை மாடு, ஆடு, தையல் மெஷின், பெட்டிக்கடை. இன்று பழைய வேன் வாங்கவும் கடன் போகிறது. முட்டை ட்ரே ஏற்ற, உழவர் சந்தைக்குக் காய் கொண்டு போக, பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போக என்று வேன் நம் வாழ்வாதாரம் ஆகிவிட்டது. சில சகோதரிகள் தாங்களே ஓட்டுகிறார்கள். சிலர் வீட்டுக்காரரையோ தம்பியையோ ஓட்ட வைக்கிறார்கள். யார் ஓட்டினாலும் தவணை கட்டுவது நாம்தான்.

பங்குனி பிறந்து வைகாசி முடியும் வரை நம் பக்கத்து வெயிலில் பழைய வேன்களுக்கு வரும் பெரிய தொல்லை, எஞ்சின் கொதிப்பது. "தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கேன், அப்பவும் கொதிக்குதுங்க" என்று பல கூட்டங்களில் கேட்கிறோம். தண்ணீர் இருந்தும் ஏன் கொதிக்கிறது? பல நேரம் காரணம், தண்ணீர் ஓடும் பாதையில் மாட்டிக்கொண்ட காற்று. மெக்கானிக்குகள் இதை "ஏர் லாக்" அல்லது "ஏர் பிடிச்சிருக்கு" என்பார்கள். இந்தக் காற்றை வெளியே எடுக்கப் பெரிய செலவு கிடையாது. பொறுமையும் முறையும் தெரிந்தால் போதும். அதுதான் இந்த மாதப் பாடம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே பிரித்துக்கொள்வோம். டீசல் வண்டி எண்ணெய் இல்லாமல் நின்றுபோனால் "ஏர் எடுக்கணும்" என்பார்கள். அது டீசல் குழாயில் உள்ள காற்று. அந்த வேலை வேறு. நாம் இங்கே பேசுவது ரேடியேட்டர் தண்ணீர்ப் பாதையில் உள்ள காற்று.

கிணற்று மோட்டாரை நினைத்துப் பாருங்க

தோட்டம் உள்ள சகோதரிகளுக்கு இது புதிது அல்ல. கிணற்று மேட்டில் வைத்திருக்கும் மோட்டாரில் காற்று புகுந்துவிட்டால் என்ன ஆகிறது? மோட்டார் சுற்றுகிறது, சத்தம் வருகிறது, கரண்டும் போகிறது. ஆனால் வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாது. அப்புறம் மூடியைக் கழற்றி, குடத்தில் தண்ணீர் ஊற்றி, காற்றை எல்லாம் வெளியே தள்ளி நிரப்பினால்தான் தண்ணீர் எடுக்கும். ஏன்? பம்பின் இறக்கை தண்ணீரைத் தள்ளுவதற்காகச் செய்தது. காற்றில் சுற்றினால் அதற்குப் பிடிப்பு இல்லை.

வேன் எஞ்சினிலும் இதே மாதிரி ஒரு சின்ன தண்ணீர் பம்ப் இருக்கிறது. அங்கேயும் இதே கதைதான்.

எஞ்சினைக் குளிர வைப்பது எப்படி?

எஞ்சினுக்குள் எரியும் வாயுவின் சூடு 2000 டிகிரியைத் தாண்டும். பல வேன்களில் எஞ்சினின் மேல் பாகமான 'ஹெட்' அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அப்படியானால் ஏன் உருகாமல் இருக்கிறது? தண்ணீர்தான் காப்பாற்றுகிறது. எரிபொருளில் இருந்து கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூட்டைத் தண்ணீர்தான் சுமந்து வெளியே கொண்டு போகிறது.

இதில் வேலை செய்பவை:

1. தண்ணீர் அறைகள்: எஞ்சின் சுவருக்குள்ளேயே தண்ணீர் சுற்றி வர வழி இருக்கும்.

2. வாட்டர் பம்ப்: தண்ணீரை ஓட வைக்கும்.

3. தெர்மோஸ்டாட்: இது ஒரு வாசல். எஞ்சின் குளிராக இருக்கும்போது மூடியிருக்கும். பெரும்பாலான வண்டிகளில் 80 முதல் 90 டிகிரிக்குள் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பும்.

4. ரேடியேட்டரும் ஃபேனும்: சூடான தண்ணீர் மெல்லிய குழாய்கள் வழியே இறங்கும்போது காற்று பட்டுச் சூடு தணியும்.

5. ரேடியேட்டர் மூடி: இது வெறும் மூடி அல்ல. நம் வீட்டு குக்கர் வெயிட் மாதிரி. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடியின் மேல் 0.9 என்று எழுதியிருந்தால், அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது.

6. ஸ்பேர் பாட்டில்: சூட்டில் பெருகும் தண்ணீர் மூடி வழியாக இந்தப் பாட்டிலுக்கு வரும். எஞ்சின் ஆறும்போது அதே தண்ணீரை ரேடியேட்டர் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

ஆறாவது குறிப்பை நன்றாகக் கவனியுங்கள். பாட்டில் காலியாக இருந்தால் ரேடியேட்டர் எதை உறிஞ்சும்? காற்றைத்தான். நம் வேன்களில் காற்று புகும் பெரிய வழி இதுவே.

காற்று புகுந்தால் என்ன கெடுதி?

தண்ணீரைவிடக் காற்று லேசானது. அதனால் பாதையில் எங்கே உயரமான இடம் இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். எஞ்சினில் உயரமான இடம் எது? ஹெட். அதிகச் சூடு உள்ள இடமும் அதுவே. தண்ணீர் கட்டாயம் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தால், அந்த இடத்தில் சூட்டை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏறும்போது எவ்வளவு சூட்டை வாங்குகிறதோ, அவ்வளவு சூட்டை வாங்க 3000 லிட்டருக்கும் மேல் காற்று வேண்டும். அப்படியானால் ஒரு டம்ளர் காற்றால் என்ன பயன்?

இரண்டாவது கெடுதி: தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் காற்று நின்றால், சுடுதண்ணீர் அதன் மேல் படாது. தண்ணீர் படாததால் வாசல் நேரத்துக்குத் திறக்காது. எஞ்சின் உள்ளே வேகும்; ரேடியேட்டர் குளிர்ந்தே இருக்கும்.

மூன்றாவது கெடுதி: மீட்டர் முள் பொய் சொல்லும். சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் சரியாகக் காட்டும். அது காற்றில் நின்றால் முள் கீழேயே கிடக்கும். "முள்ளு ஏறவே இல்லீங்க, திடீர்னு புகை வந்துருச்சு" என்று சொல்வது இதனால்தான்.

கடைசியில் ஹெட் கோணிக்கொள்ளும். ஹெட் கேஸ்கெட் பிய்ந்துபோகும். ஒரு தண்ணீர் விஷயம் எஞ்சின் வேலையாக மாறிவிடும்.

வேனுக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை அதிகம்?

காரில் எஞ்சினும் ரேடியேட்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். வேனில் இடம் மிச்சம் செய்ய எஞ்சினை இருக்கைக்கு அடியில் வைத்துவிடுவார்கள். 1984-ல் வந்து 2019 வரை தயாரிக்கப்பட்ட மாருதி ஆம்னியைப் பாருங்கள். அதன் 796 சி.சி. எஞ்சின் முன் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. 2005-ல் வந்த டாடா ஏஸ், நாம் 'குட்டி யானை' என்று கூப்பிடுகிறோமே, அதிலும் இருக்கைக்குக் கீழேதான். எஞ்சின் ஓர் இடம், ரேடியேட்டர் ஓர் இடம் என்று தள்ளி இருந்தால், நடுவில் ஹோஸ் நீளமாக ஏறி இறங்கி வரும். ஏறி இறங்கும் ஒவ்வொரு மேட்டிலும் காற்று தங்க இடம் உண்டு. சொட்டுநீர்க் குழாயில் மேடு இருந்தால் அங்கே காற்று தங்குவதைப் பார்த்திருப்பீர்களே, அது மாதிரி.

இது நம் ஊர்த் தொல்லை மட்டும் அல்ல. ஜெர்மனி நாட்டு ஃபோக்ஸ்வாகன் வேனில் 1980-களின் தொடக்கத்தில் தண்ணீரால் குளிரும் எஞ்சின் வந்தது. எஞ்சின் வண்டியின் பின் கடைசியில், ரேடியேட்டர் முன் கடைசியில். இரண்டுக்கும் நடுவில் வண்டி நீளத்துக்குக் குழாய். அந்த வேன் வைத்திருப்பவர்கள் இன்றும் தண்ணீர் மாற்றினால், வண்டியின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, ரேடியேட்டர் உச்சியில் உள்ள திருகாணியைத் திறந்து காற்றை எடுக்கிறார்கள். நாமும் அதே வழியைத்தான் படிக்கப் போகிறோம்.

காற்று எப்படிப் புகுகிறது?

* ஹோஸ், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் மாற்றிய பிறகு அவசரமாகத் தண்ணீர் நிரப்பினால்.
* ஸ்பேர் பாட்டில் காலியாக இருந்தால், அல்லது பாட்டிலுக்குப் போகும் சின்ன குழாய் வெடித்திருந்தால்.
* ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வாஷர் கெட்டிருந்தால்.
* ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருந்தால். சூட்டில் தண்ணீர் கசியும். ஆறும்போது காற்றை உறிஞ்சும்.
* ஹெட் கேஸ்கெட் கெட்டிருந்தால். எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்துகொண்டே இருக்கும். இதை மட்டும் நாம் சரிசெய்ய முடியாது.

அடையாளங்கள்

1. முள் மேலே ஏறும், சட்டென்று இறங்கும், மறுபடி ஏறும்.
2. டேஷ்போர்டு பக்கமோ இருக்கைக்கு அடியிலோ 'களக் களக்' என்று தண்ணீர் உருளும் சத்தம்.
3. ரேடியேட்டருக்குப் போகும் ஒரு ஹோஸ் நல்ல சூடு, திரும்பி வரும் ஹோஸ் குளிர்.
4. நேற்று வாய் வரை நிரப்பியது இன்று காலை இறங்கியிருக்கும். கீழே ஒழுகின தடமும் இருக்காது.
5. ஹீட்டர் உள்ள வண்டியில், எஞ்சின் சூடாக இருந்தும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வரும்.

இதில் இரண்டு அடையாளம் இருந்தாலே காற்று எடுத்துப் பார்க்கலாம்.

நம் பகுதியில் நடந்தது

குழுக் கடனில் பழைய வேன் வாங்கிய ஒரு சகோதரி, முட்டை ட்ரே ஏற்றிக் கடைகளுக்குப் போட்டு வந்தார். ஒரு நாள் ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று வெடித்தது. பட்டறையில் புது ஹோஸ் போட்டு, தண்ணீர்க் குழாயை வைத்து ஒரே மூச்சில் நிரப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் ராசிபுரம் ரோட்டில் வண்டி கொதித்து நின்றது. இரண்டாவதாகப் போன பட்டறையில், "ஹெட்டைக் கழட்டணுங்க, பதினெட்டாயிரம் ஆகும்" என்றார்கள்.

அந்தப் பணம் இருந்தால் ஏன் கடன் வாங்குகிறார்? அந்த மாதத் தவணை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. குழுக் கூட்டத்தில் பேசியபோது ஊக்குநர் ஒரு கேள்வி கேட்டார். "ஹோஸ் மாத்தின அடுத்த நாள்தானே கொதிச்சது? அதுக்கு முன்னாடி கொதிக்கவே இல்லையே அக்கா? அப்போ காத்து இருக்கான்னு முதல்ல பார்க்கச் சொல்லலாமே." வயதான மெக்கானிக் ஒருவரிடம் வண்டி போனது. அவர் வண்டியை மேட்டில் மூக்கு தூக்கி நிறுத்தி, முக்கால் மணி நேரம் நின்று காற்றை எடுத்தார். 'ஃபுல்' என்று சொல்லப்பட்ட வண்டிக்கு இன்னும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பிடித்தது. அந்த ஒன்றரை லிட்டர் இடத்தில் இருந்தது எல்லாம் காற்று! கூலி கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டு மறுநாளே லைனுக்குப் போனார்.

எல்லாருக்கும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. இன்னொரு குழுவில், "போய்ச் சேர்ந்துரலாம்" என்று கொதித்த வண்டியை நிறுத்தாமல் ஓட்டியதில் ஹெட் கோணிவிட்டது. மூன்று வாரம் வண்டி பட்டறையில். வருமானம் இல்லை, தவணையைச் சேமிப்பில் இருந்து கட்ட வேண்டி வந்தது. வேனின் மதிப்பு தெரிந்த நமக்கு இந்த இரண்டு கதையும் போதும்.

காற்றை எடுக்கும் முறை

முன் எச்சரிக்கை: இந்த வேலையை ஆறிய எஞ்சினில்தான் தொடங்க வேண்டும். ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் செய்வது நல்லது. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். துப்பட்டாவை எடுத்து வைத்துவிடுங்கள். பின்னலைக் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். கரண்டில் ஓடும் ஃபேன், எஞ்சின் நின்றிருந்தாலும் தானாகச் சுற்றத் தொடங்கலாம். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

படி 1. மேட்டில் நிறுத்துதல். தண்ணீர் ஊற்றும் வாய்தான் பாதையிலேயே உயரமான இடமாக இருக்க வேண்டும். ரேடியேட்டர் வாய் முன்பக்கம் இருந்தால், வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். வாய் வேறு பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் உயரட்டும். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குப் பெரிய கல்லாக அண்டை கொடுங்கள். வண்டிக்குக் கீழே யாரும் போகக் கூடாது. மூடிய ஷெட்டுக்குள் செய்ய வேண்டாம். எஞ்சின் புகை ஆபத்து.

படி 2. ஹீட்டர் இருந்தால் அதன் குமிழைச் சூடு பக்கம் முழுக்கத் திருப்புங்கள். அப்போதுதான் அந்தக் குழாயில் உள்ள காற்றும் வரும். ஏ.சி. இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

படி 3. ஹோஸைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் மட்டும் மூடியைத் திறங்கள். துணி போட்டுப் பிடித்து, முதலில் கொஞ்சம் திருப்பி நிறுத்துங்கள். 'உஸ்' சத்தம் இல்லை என்றால் முழுக்கத் திறங்கள். மூடியின் ரப்பரையும் அப்போதே பாருங்கள்.

படி 4. தண்ணீரை டம்ளர் டம்ளராக ஊற்றுங்கள். குழாய் வைத்து அடிக்காதீர்கள். இட்லி மாவுக்குத் தண்ணீர் சேர்ப்பது போல நிதானம் வேண்டும். வேகமாக ஊற்றினால் தண்ணீர் வழியை அடைத்துக்கொள்ளும். காற்று வெளியே வர முடியாது.

படி 5. பெரிய ஹோஸ்களைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். பால் கறப்பது போல மெதுவாக. முட்டை முட்டையாகக் காற்று வாய் வழியே வரும். தண்ணீர் மட்டம் இறங்கும். மறுபடி ஊற்றுங்கள்.

படி 6. சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் பக்கத்திலோ ரேடியேட்டர் உச்சியிலோ காற்றுத் திருகாணி இருக்கும். இருந்தால் அதைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முதலில் நுரையாக வரும். நுரை நின்று சீராகத் தண்ணீர் வந்ததும் மூடுங்கள். பலவற்றில் இது பிளாஸ்டிக், இறுக்கினால் உடைந்துவிடும்.

படி 7. மூடி திறந்தபடியே எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மீட்டர் முள்ளைப் பார்க்கட்டும். இன்னொருவர் வாயைப் பார்க்கட்டும். முகத்தை வாய்க்கு நேராகக் கொண்டு போகாதீர்கள். எஞ்சின் சூடாகச் சூடாகக் குமிழ்கள் வரும். மட்டம் இறங்க இறங்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

படி 8. பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெர்மோஸ்டாட் திறக்கும். எப்படித் தெரியும்? குளிர்ந்திருந்த ரேடியேட்டர் ஹோஸ் சட்டென்று சூடாகும். தண்ணீர் மட்டம் திடீரென்று இறங்கும். ஒரு பெரிய குமிழும் வரலாம். மாட்டியிருந்த காற்று வெளியே வரும் நேரம் இதுதான். தண்ணீர் சேருங்கள். ஆக்சிலேட்டரை லேசாக அழுத்திச் சில நொடி வைத்து விடுங்கள். இப்படி நான்கைந்து முறை.

படி 9. குமிழ் நின்றதும் வாய் வரை நிரப்பி மூடியை இறுக்குங்கள். ஸ்பேர் பாட்டிலில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கும்படி ஊற்றுங்கள். பிறகு ஃபேன் ஒரு முறை தானாக ஓடி நிற்கும் வரை எஞ்சினை ஓட விடுங்கள். எஞ்சினோடு சேர்ந்து பெல்ட்டில் ஓடும் ஃபேன் என்றால், முள் ஓர் இடத்தில் நிலையாக நிற்கிறதா என்று பாருங்கள்.

படி 10. பாரம் இல்லாமல் மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து மட்டத்தைப் பார்த்து ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிப் பார்த்தால் மிச்சம் மீதிக் காற்றும் போய்விடும்.

வேலையின் நடுவில் முள் பாதியைத் தாண்டி ஏறினாலோ, வாயில் தண்ணீர் பொங்கினாலோ, உடனே எஞ்சினை நிறுத்தி விலகி நில்லுங்கள். ஆறிய பிறகு தொடரலாம். மூடி திறந்திருக்கும்போது குக்கர் வெயிட் இல்லாத மாதிரி. தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

ரேடியேட்டரில் மூடியே இல்லாமல், தனி டாங்கில் மட்டும் அழுத்த மூடி உள்ள வண்டிகளும் உண்டு. அதில் அந்த டாங்க் வழியாகத்தான் நிரப்ப வேண்டும். உங்கள் வண்டியில் எது என்று நல்ல மெக்கானிக்கிடம் ஒரு முறை நேரில் காட்டச் சொல்லித் தெரிந்துகொள்ளுங்கள்.

எப்போது மெக்கானிக்கிடம் போக வேண்டும்?

* அரை மணி நேரம் ஆகியும் குமிழ் நிற்காமல் வந்தால்.
* எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்தால் பால் டீ நிறத்தில் கலங்கி இருந்தால்.
* சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால்.
* இரண்டு முறை காற்று எடுத்தும் திரும்பக் கொதித்தால்.

முதல் மூன்றும் ஹெட் கேஸ்கெட் கெட்டதற்கான அறிகுறிகள். பம்ப், தெர்மோஸ்டாட், ஃபேன், ரேடியேட்டர் அடைப்பு ஆகியவற்றாலும் கொதிக்கலாம். எல்லாவற்றுக்கும் காற்றே காரணம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் செலவு குறைந்ததை முதலில் பார்ப்பது புத்திசாலித்தனம்.

வழியில் கொதித்தால்

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்காட்டுக்குச் சேலம் வழியில் 20. ஏற்றத்தில் எஞ்சினுக்கு வேலை அதிகம். மேலே போகப் போகக் காற்றழுத்தமும் குறையும். 1500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் சமவெளியில் ஒழுங்காக ஓடும் வண்டி மலையில் கொதிக்கலாம்.

கொதித்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். பிள்ளைகளை வண்டி போகாத பக்கமாக இறக்கி நிழலில் உட்கார வையுங்கள். மூடியைத் தொடாதீர்கள். உள்ளே 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர், மூடியைத் திறந்த நொடியில் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். கண் போய்விடும். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆறட்டும். சூடான எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

யாருக்காவது சுட்டுவிட்டால், குளிர்ந்த சுத்தமான தண்ணீரை 20 நிமிடம் தொடர்ந்து ஊற்றுங்கள். வளையல், மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். இங்க், பேஸ்ட், இட்லி மாவு, மஞ்சள் எதுவும் தடவ வேண்டாம். முகமோ கண்ணோ சுட்டிருந்தால் 108-க்கு போன் செய்யுங்கள்.

என்ன தண்ணீர் ஊற்றுவது?

நம் பக்கத்து போர் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. இட்லிப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாயிலும் படியும். குழாய் அடைத்தால் காற்று எடுத்தும் பயன் இல்லை. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு கூலன்ட் கலந்து ஊற்றுவதே நல்லது. அளவு டப்பாவிலேயே எழுதியிருக்கும். கலந்தே விற்கும் கூலன்டில் தண்ணீர் சேர்க்க வேண்டாம். கூலன்ட் துருப்பிடிப்பதைத் தடுக்கும். கொதிநிலையையும் கொஞ்சம் உயர்த்தும்.

ஆனால் பெரும்பாலான கூலன்ட் விஷம். அதுவும் இனிக்கும் விஷம். ஆடு, கன்றுக்குட்டி, நாய், ஏன் குழந்தைகூட நக்கிப் பார்க்கும். கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகம் கெட்டு உயிர் போகலாம். பழைய கூலன்டைப் பேசினில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கூல் டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். வாய்க்காலிலோ கிணற்றோரமோ கொட்டாதீர்கள். கேனில் மூடி, பட்டறையில் கொடுத்துவிடுங்கள். சிந்தியதைத் தண்ணீர் விட்டுக் கழுவி மண் போட்டு மூடுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

கடனில் வாங்கிய வேனுக்கு ஒரு நோட்டு போடுங்கள். சேமிப்புக்கும் கடனுக்கும் நோட்டு எழுதும் நமக்கு இது பெரிய வேலை அல்ல. தினமும் காலை வண்டி எடுக்கும் முன் மூன்று விஷயம் எழுதினால் போதும்: ஸ்பேர் பாட்டில் மட்டம், ஆயில் மட்டம், வண்டிக்கு அடியில் ஒழுகின தடம் உண்டா. பாட்டில் மட்டம் வாரம் ஒரு விரல் இறங்குகிறது என்று நோட்டு சொன்னால், கொதிப்பதற்கு முன்பே கசிவைக் கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். வேனில் செலவு போக நாளைக்கு 700 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரம் வண்டி பட்டறையில் நின்றால் 14,700 ரூபாய் வருமானம் போச்சு. இதற்கு மேல் பட்டறைச் செலவு. காலையில் மூடியைப் பார்க்கும் இரண்டு நிமிடத்துக்கு என்ன விலை என்று இப்போது தெரிகிறதா?

பட்டறைக்குப் போகும்போது தயங்காமல் கேளுங்கள்: "தண்ணி மாத்தினதுக்கு அப்புறம் ஏர் எடுத்தீங்களா?" "ஃபேன் ஓடி நிக்கிற வரைக்கும் பார்த்தீங்களா?" "ஹெட் கழட்டணும்னு எதை வச்சுச் சொல்றீங்க?" மாற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் வாங்கி நோட்டில் வையுங்கள். நாமக்கல் லாரி பாடிக்கும், திருச்செங்கோடு ரிக் வண்டிக்கும் பேர் போன மண் நம்முடையது. நல்ல மெக்கானிக்குகளுக்கு இங்கே பஞ்சம் இல்லை. கேள்வி கேட்பவரிடம் அவர்களும் பொறுப்பாகப் பதில் சொல்வார்கள்.

நினைவில் வைக்க

செய்ய வேண்டியவை: ஆறிய எஞ்சின். மூக்கு தூக்கிய வண்டி. சக்கரத்துக்குக் கல். டம்ளர் டம்ளராகத் தண்ணீர். மறுநாள் திரும்பப் பார்த்தல்.

செய்யக் கூடாதவை: சூட்டில் மூடி திறத்தல். கொதிக்கும் வண்டியை ஓட்டுதல். தலைப்பு பறக்க ஃபேன் அருகே நிற்றல். ஸ்பேர் பாட்டிலைக் காலியாக விடுதல்.

குழுக் கூட்டத்தில் விவாதிக்க

1. ஸ்பேர் பாட்டில் காலியாக இருந்தால் ரேடியேட்டருக்குள் காற்று எப்படிப் போகிறது?
2. முள் கீழே இருந்தும் எஞ்சின் கொதிக்குமா? ஏன்?
3. நம் குழுவில் வேன் வைத்திருப்பவர் யார்? தினசரி நோட்டு எழுதுகிறாரா?
4. வண்டி திடீரென்று நின்றால் ஒரு மாதத் தவணையைத் தாங்க, பராமரிப்புக்கு என்று மாதம் எவ்வளவு ஒதுக்கி வைக்கலாம்?

வேன் வைத்திருக்கும் குழுக்கள், அடுத்த கூட்டத்தை வண்டிக்குப் பக்கத்திலேயே காலையில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுப் பார்த்து, இந்தப் பாடத்தை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் அடையாளம் காட்டட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் சகோதரிகளும் ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள்.